தீவுக்கு டூர் பிளான் பண்றீங்களா? ரூமை கடைசில புக் பண்ணுங்க

முதல் தடவை தீவுக்குப் போறவங்க நிறைய பேர் செய்ற தப்பு, ஏதோ ஒரு ரிசார்ட் போட்டோல மயங்கி ரூமை புக் பண்ணிட்டு அப்புறமா மத்ததை யோசிக்கிறது. தீவுல அது செல்லாது. மழை, தண்ணி ஏத்த இறக்கம், படகு இந்த மூணும் விட்ட வழிலதான் நாம போகணும்.

ஸ்டெப் 1: எந்த மாசம், எந்தக் கரை

நாட்டுப் பேரை மட்டும் போட்டுத் தேடாதீங்க. தாய்லாந்துல புக்கெட் பக்கம் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், ஆனா எதிர்ப்பக்கம் இருக்கற கோ சாமுய்ல அக்டோபர்லதான் ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் கொட்டும். இலங்கை ஒரே தீவு, அதுலயே டிசம்பர்-மார்ச்னா தெற்குல காலி (Galle) ஊர்ப் பக்கம் கடல் நல்லா இருக்கும், மே-செப்டம்பர்னா கிழக்குல திருகோணமலை பக்கம். கரீபியன்னா ஜூன்ல இருந்து நவம்பர் வரை புயல் சீசன், அப்போ ரேட் கம்மியா இருக்கும், ஏன்னு இப்ப புரியும்.

ஸ்டெப் 2: பழைய ஊருக்குத் தனி நாள்

ஆப்பிரிக்காவுல தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவை எடுத்துக்குங்க. அங்க பழைய ஊரான ஸ்டோன் டவுன் மேற்குக் கரைல, நல்ல பீச்செல்லாம் வடக்குல நுங்வி, கிழக்குல பாஜேன்னு தள்ளித் தள்ளி. பீச்ல தங்கிட்டு ஒருநாள் வந்து பாத்துட்டுப் போயிடலாம்னு நினைச்சா உச்சி வெயில்லதான் வந்து எறங்குவீங்க. ரெண்டு ராத்திரி ஊருக்குள்ளயே தங்குங்க. காலைல ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கும்போது அந்தச் சந்துல நடந்தா, பித்தளைக் குமிழ் வச்ச செதுக்குக் கதவு ஒவ்வொண்ணா நின்னு பாக்கலாம். கார் நுழையாத சந்துங்க, அதனால சக்கரம் வச்ச பெரிய பெட்டி வேணாம், முதுகுப் பைதான் சரி. 1873ல மூடின அடிமைச் சந்தை இருந்த இடத்துல இப்ப சர்ச் இருக்கு, அங்க அவசரப்படாதீங்க, பாத்துட்டு வெளிய வந்ததும் நேரா நீந்தப் போற மூடு இருக்காது.

இன்னொண்ணு, பாக்கப் போற கட்டிடம் திறந்திருக்கான்னு சமீபத்து தகவலைப் பாருங்க. அங்க 1883ல கட்டின ஹவுஸ் ஆஃப் வொண்டர்ஸ்ங்கற சுல்தான் அரண்மனைல ஒரு பகுதி 2020 டிசம்பர்ல இடிஞ்சு விழுந்துச்சு, பழைய கைடு புக்குக்கு அது தெரியாது.

ஸ்டெப் 3: டைட் சார்ட்

கடல் தண்ணி எந்த நேரம் ஏறும், எந்த நேரம் வத்தும்னு காட்டற அட்டவணைதான் இது. இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பாஜேல தண்ணி வத்தும்போது கடல் ரொம்ப தூரம் உள்வாங்கிடும், நீந்தலாம்னு போனா குச்சி நட்டு கயித்துல பாசி வளக்கற பெண்கள் முழங்கால் தண்ணில வேலை பாத்துட்டு இருப்பாங்க, பாக்க அழகுதான், ஆனா குளிக்க முடியாது. நுங்வில இந்தத் தொல்லை கம்மி. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏத்த இறக்கம் ரொம்ப ஜாஸ்தி, தினமும் நேரம் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். உங்க தேதிக்கு டைட் சார்ட் பாத்து, தண்ணி இருக்கற நேரம் குளியல், வத்தற நேரம் ஊர் சுத்தல்னு எழுதி வச்சுக்குங்க.

ஸ்டெப் 4: படகு

கடல் கொந்தளிச்சா படகு ஓடாது. அதனால திரும்பி வர்ற ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி ஏர்போர்ட் இருக்கற ஊர்லயே தங்கிடுங்க, காலைல படகு ஏறி மதியம் ஃப்ளைட் பிடிக்கலாம்ங்கற கணக்கே வேணாம்.

ஸ்டெப் 5: ஃப்ளைட், அப்புறம் ரூம்

விசா, மஞ்சள் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் வேணுமா, இது ரெண்டையும் பாத்துட்டு டிக்கெட் போடுங்க, ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் அந்த சர்டிபிகேட் செல்லும். ரூமுக்கு கேன்சல் பண்ண முடியற ரேட்டா பாத்து எடுங்க. சன்ஸ்க்ரீன் வாங்கும்போது ஆக்ஸிபென்சோன்ங்கற கெமிக்கல் இல்லாததா பாருங்க, பவளத்துக்கு ஆகாதுன்னு ஹவாய்ல 2021ல இருந்து அதை விக்கவே தடை.