அழிந்த கோப்பை மீட்கும் அவசரத்தில் செய்யும் தவறுகள்

எங்களிடம் பழுதுநீக்கம் கற்றுக்கொள்ள வந்திருக்கும் இளைஞர் ஒருவர், வாடிக்கையாளரின் டெஸ்க்டாப்பில் தவறுதலாக அழிக்கப்பட்ட ஃபோல்டரை மீட்பதற்காக, அதே கணினியில் பிரவுசரைத் திறந்து மீட்பு மென்பொருள் தேடிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே செய்தவன் என்பதால், எதுவும் பேசாமல் பவர் கேபிளை உருவினேன். ஷட்டவுன் செய்தால்கூட விண்டோஸ் டிஸ்கில் எதையாவது எழுதிவிட்டுத்தான் அணையும்.

ரீசைக்கிள் பின்னைப் பார்க்க மறப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

மீட்பு மென்பொருளை அதே டிஸ்கில் இறக்குவது

விண்டோஸ் டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கம் உடனே துடைக்கப்படுவதில்லை. அதற்குரிய பதிவு பயன்பாட்டில் இல்லை என்று குறிக்கப்பட்டு, அது இருந்த இடம் காலியிடக் கணக்கில் சேர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை கோப்பு அங்கேயே கிடக்கும். டெஸ்க்டாப்பில் இருந்த கோப்பு சி டிரைவில் இருந்தது. நாம் இறக்கும் மென்பொருளும், பிரவுசர் சேமிக்கும் தற்காலிகக் கோப்புகளும் அதே சி டிரைவில்தான் போய் உட்காருகின்றன. தேடும் பொருளின் மேலேயே மண்ணைக் கொட்டுகிறோம்.

நண்பரின் ஸ்டுடியோவில் ஒரு திருமணத்தின் படங்கள் அழிந்தபோது, மென்பொருளை சி டிரைவில் நிறுவியது போதாதென்று, மீட்ட படங்களையும் அதே டிரைவில் சேமித்தேன். மீண்டு வந்த ஒவ்வொரு படமும் இன்னும் மீளாத வேறொரு படத்தின் மேல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. முடிவில், தாலி கட்டும் படத்தைத் திறந்தால் மேல்பாதியில் மணமக்களின் முகங்கள் தெளிவாக இருந்தன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நண்பர் என்னைத் திட்டவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

முறையான வழி கடினமானதன்று. கணினியின் பவர் கேபிளை உருவி, ஹார்டு டிஸ்கைக் கழற்றி, யூஎஸ்பி கன்வெர்ட்டர் மூலம் வேறொரு கணினியில் இணைத்து, அங்கிருந்து டெஸ்ட்டிஸ்கை இயக்க வேண்டும். அது இலவசமான கட்டற்ற மீட்பு மென்பொருள். நிறுவத் தேவையில்லை, ஜிப்பை விரித்தாலே இயங்கும். என்டிஎஃப்எஸ் டிஸ்கில் அழிந்த கோப்புகளைப் பெரும்பாலும் பெயருடனேயே காட்டும். அதில் கிடைக்காதபோது மட்டும், அதனுடனேயே வரும் ஃபோட்டோரெக்கைப் பயன்படுத்துங்கள். அது கோப்பின் தொடக்கத்தில் உள்ள அடையாள பைட்டுகளை வைத்துத் தேடுவதால், மீளும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இருக்காது, ஆயிரக்கணக்கான எண்பெயர்களுக்கு நடுவே நாம்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். எதை மீட்டாலும் மூன்றாவதாக ஒரு டிஸ்கில் சேமிக்க வேண்டும்.

ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி என்றால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள். இந்த இடம் இனித் தேவையில்லை என்று விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் கட்டளை சென்றுவிட்டால், அழித்த கோப்பு இருந்த இடத்தை எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும்.

சாகும் டிஸ்கில் செக் டிஸ்க்

டிஸ்க் டக் டக் என்று ஒலித்தாலோ கோப்புகள் திறக்க நிமிடக்கணக்கில் ஆனாலோ, பலர் முதலில் ஓட்டுவது விண்டோஸிலேயே இருக்கும் செக் டிஸ்க். அது கோப்பு முறைமையின் ஒழுங்கைச் சரிசெய்யும் கருவியே தவிர, நம் தரவைக் காப்பாற்றும் கருவியன்று. ஒழுங்குக்காகச் சிதைந்த பதிவுகளை நீக்கவும் அது தயங்காது. முதலில், டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பெண்டிங் செக்டார் எண்ணிக்கையை, அதாவது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லாவிட்டால், நிறுவாமலே லினக்ஸ் இயங்கும் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற கட்டளையைக் கொண்டு முழு டிஸ்கையும் வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டு, மீட்பு வேலையை நகலில் செய்யுங்கள். கட்டளையில் மூல டிஸ்கின் பெயரையும் சேர வேண்டிய டிஸ்கின் பெயரையும் இடம் மாற்றிக் கொடுத்தால் தரவு அப்படியே போய்விடும்; ஆகவே என்டர் தட்டுமுன் இரண்டின் கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்ப்பது என் வழக்கம்.

சிஸ்டம் ரீஸ்டோரை நம்புவது

விண்டோஸின் அமைப்புகளைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் வசதி அது. உங்கள் படங்களைத் திருப்பித் தராது.

ரெஜிஸ்ட்ரி கிளீனர்

விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் மென்பொருள். வேண்டாம்.

பெரிய பச்சை டவுன்லோட் பொத்தான்

அது பெரும்பாலும் விளம்பரம். மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்துக்கே சென்று இறக்குங்கள், அதுவும் வேறொரு கணினியில்.