மறுசேர்க்கை டி.என்.எஃப். ஆல்ஃபா: குப்பியிலிருந்து செல் வளர்ப்புத் தட்டு வரை

அழற்சியைத் தூண்டும் சைகைப் புரதமான மனித டி.என்.எஃப். ஆல்ஃபாவை, மரபணு மறுசேர்க்கை முறையில் ஈ. கோலை பாக்டீரியாவில் உருவாக்கித் தூய்மைப்படுத்தி, உறைய வைத்து உலர்த்தி, சில மைக்ரோகிராம் அளவில் சிறு குப்பிகளில் அடைத்து விற்கிறார்கள். செல் வளர்ப்பில் அழற்சியை ஆராய்பவர்களுக்கு இது அன்றாடப் பொருள். சோதனை எதிர்பார்த்தபடி அமையாதபோது பழி பெரும்பாலும் ஆன்டிபாடியின் மீதோ செல்களின் மீதோ விழுகிறது. ஆனால் குப்பியைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே புரதத்தின் செயல்திறன் வீணாகியிருக்கக்கூடும் என்பதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

கரையும் வடிவிலுள்ள இப்புரதத்தின் ஒரு சங்கிலியில் 157 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் எடை ஏறத்தாழ 17 கிலோடால்டன். அத்தகைய மூன்று சங்கிலிகள் இணைந்த டிரைமர்தான் செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தூண்டுகிறது. கரைசல் மிகவும் நீர்த்துப்போனால் டிரைமர் மெல்லப் பிரிந்து செயலிழக்கும். போதாக்குறைக்குப் புரதம் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அடர்த்தியாகச் சேமித்து, பயன்படுத்தும் வேளையில் மட்டுமே நீர்க்கச் செய்ய வேண்டும் என்ற ஒரே விதியிலிருந்து மற்ற நடைமுறைகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

குப்பியைத் திறக்குமுன் சென்ட்ரிஃபியூஜில் அரை நிமிடம் சுழற்றுங்கள். பத்து மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். அடியில் மெல்லிய வெண்படலமாகவோ மூடியின் உட்புறத்தில் ஒட்டியோ இருக்கலாம் என்பதால், சுழற்றாமல் திறப்பது புரதத்தைக் காற்றில் விடுவதற்குச் சமம். தயாரிப்பாளரின் தாள் எந்தக் கரைப்பானைச் சொல்கிறதோ அதையே பயன்படுத்துங்கள்; பொதுவாக அது கிருமி நீக்கிய நீராகவோ பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலாகவோ இருக்கும். பத்து மைக்ரோகிராமுக்கு 100 மைக்ரோலிட்டர் சேர்த்தால் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஆகும். திரவத்தைச் சுவர் வழியாக மெதுவாக வழியவிட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பைப்பெட்டால் நுரை எழாமல் மெல்ல ஏற்றி இறக்குங்கள். நுரையில் புரதம் உருக்குலையும் என்பதால் வோர்டெக்ஸ் கருவியின் பக்கம் போகவே வேண்டாம்.

கரைப்பானில் 0.1 சதவீதம் பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரம் ஆல்புமின் என்ற துணைப் புரதம்) இருந்தால் குழாய்ச் சுவரில் ஏற்படும் இழப்பு வெகுவாகக் குறையும். ஆனால் புரதத்தில் பயோட்டின் என்ற அடையாள மூலக்கூறை இணைக்கவோ, அதை ஆன்டிபாடி வழியே அளக்கும் எலைசா சோதனையின் தட்டில் பூசவோ போகிறீர்கள் என்றால் பி.எஸ்.ஏ. குறுக்கே நிற்கும், அப்போது துணைப் புரதம் கலக்காத வகையை வாங்க வேண்டும். கரைத்ததை ஐந்து மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணையும் தேதியையும் எழுதி, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

பல சோதனைகளுக்கு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் போதும். இதை ஒரே தாவலில் எட்ட முயல்வது பைப்பெட் பிழைக்கு வழிவிடும். சேமிப்புக் கரைசலில் 2 மைக்ரோலிட்டரை 198 மைக்ரோலிட்டர் சீரம் கலந்த ஊடகத்தில் சேர்த்து, அதிலிருந்து 10 மைக்ரோலிட்டரை எடுத்து 990 மைக்ரோலிட்டர் ஊடகத்தில் சேர்த்தால் கணக்குச் சரியாக வரும். கட்டுப்பாட்டுக் கிணறுகளில் புரதம் இல்லாத அதே கரைப்பானை அதே அளவில் சேர்க்க மறக்கக் கூடாது.

செயல்திறனைச் சோதிக்க, மனிதப் புற்றுநோய் செல் வரிசையான ஹீலா செல்கள் வசதியானவை. புரதம் சேர்த்த சுமார் 15 நிமிடத்தில், என்.எஃப். கப்பா பி என்ற அழற்சிச் சைகைப் பாதையை அடக்கிவைக்கும் ஐ-கப்பா-பி ஆல்ஃபா புரதம் சிதைந்து, செல்லின் புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் அதன் பட்டை மங்கும். ஒரு மணி நேரம் ஆகும்போது மீண்டும் தலைகாட்டும். அளவைத் துல்லியமாக ஒப்பிட, ஆக்டினோமைசின் டி (ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் மருந்து) சேர்த்த எல்929 எலிச் செல்களின் இறப்பைக் கணக்கிடும் பழைய முறையே இன்றும் நம்பகமானது. மனித டி.என்.எஃப். எலியின் முதல் ஏற்பியோடு இணைந்தாலும் இரண்டாம் ஏற்பியோடு இணைவதில்லை. எலிச் செல்களில் இரண்டாம் ஏற்பியை ஆராய்பவர்கள் எலிப் புரதத்தையே வாங்க வேண்டும்.

எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சு மாசைப் பலர் பொருட்படுத்துவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. ஈ. கோலையின் உறையிலிருந்து வரும் இந்த எல்.பி.எஸ். (லிப்போபாலிசாக்கரைடு), டி.எல்.ஆர்.4 ஏற்பி வழியாக அதே என்.எஃப். கப்பா பி பாதையைத்தான் தூண்டுகிறது. அதனால் மாசின் விளைவைப் புரதத்தின் விளைவாக எண்ணிவிட முடியும். மைக்ரோகிராமுக்கு ஒரு எண்டோடாக்சின் அலகு என்ற வரம்பிலுள்ள புரதத்தை 10 நானோகிராம் அளவில் சேர்த்தால் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 0.01 அலகே வரும்; அது பெரும்பாலும் தொல்லை தராது. அதையே மானோசைட்டுகளில் (ஒரு வகை வெள்ளை இரத்த அணுக்கள்) ஒரு மைக்ரோகிராம் அளவில் சேர்த்தால் ஒரு முழு அலகு, அதாவது சுமார் 100 பிகோகிராம் எல்.பி.எஸ்., கூடவே போகிறது. மானோசைட்டுகளைத் தூண்ட அது போதும். இதைப் பிரித்தறிய ஒரு பங்கை 95 டிகிரியில் கொதிக்க வைத்துச் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் புரதத்தை அழிக்கும், எல்.பி.எஸ்.ஸைப் பெரிதும் விட்டுவைக்கும். எனவே கொதித்த பிறகும் செல்கள் அதே அளவில் பதிலளித்தால் உங்கள் முடிவு புரதத்தைப் பற்றியதல்ல. எல்.பி.எஸ்.ஸைப் பிணைக்கும் பாலிமிக்சின் பி சேர்த்த கிணறு ஒன்றும் இருப்பது நல்லது.

புதிய லாட் வந்ததும் பழையதைத் தீர்த்துவிடாமல், இரண்டையும் ஒரே நாளில், ஒரே தட்டில், நான்கைந்து அளவுகளில் ஒப்பிட்டு, தேவையான செறிவைத் திருத்திக் குறித்துக்கொள்ளுங்கள்.