பிலிப்பைன்ஸின் போர்க்கால நிர்வாக ஆணைகள்: யார் போட்டது, எது நிலைத்தது என்று கண்டுபிடிக்கும் முறை

1942 முதல் 1945 வரை பிலிப்பைன்ஸின் பெயரில் ஒரே சமயத்தில் இரண்டு அரசுகள் ஆணை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று வாஷிங்டனில் இருந்த நாடுகடந்த காமன்வெல்த் அரசு. மற்றொன்று ஜப்பானிய ராணுவத்தின் கீழ் மணிலாவில் இயங்கிய நிர்வாகம். இரண்டும் தங்கள் ஆணைகளுக்கு “நிர்வாக ஆணை” என்றே பெயர் வைத்தன. இரண்டும் ஒன்றிலிருந்து எண் போட்டன. அதனால் “நிர்வாக ஆணை எண் 4” என்று மட்டும் எழுதினால் அது எந்த ஆணையையும் சுட்டாது.

ஒரு கட்டுரையிலோ தீர்ப்பிலோ இப்படி ஓர் ஆணை கண்ணில் பட்டால், அது யாருடையது, எந்த அதிகாரத்தில் வந்தது, போருக்குப் பின் என்ன ஆனது என்று முடிவு செய்வதற்கான வழி இது. இரண்டாம் உலகப்போரின் பொதுவான போக்கு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே காமன்வெல்த் என்பது 1935 நவம்பர் 15-இல் அமெரிக்காவின் கீழ் அமைந்த பிலிப்பைன்ஸின் தன்னாட்சி அரசு. பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

படி 1: காலக்கோட்டை முதலில் எழுதுங்கள்

ஆணையைத் திறப்பதற்கு முன் இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1941 டிசம்பர் 16: காமன்வெல்த் சட்டம் எண் 671; அதிபருக்கு அவசரகால அதிகாரம்.
1941 டிசம்பர் 24: அதிபர் மனுவேல் கேசோன் மணிலாவிலிருந்து கொரெகிதோர் தீவுக்குப் போகிறார்.
1942 ஜனவரி 2: ஜப்பானியப் படை மணிலாவில் நுழைகிறது.
1942 ஜனவரி 23: ஜப்பானியத் தளபதியின் ஆணை எண் 1 வழியாகப் பிலிப்பைன்ஸ் நிர்வாகக் குழு, தலைவர் ஹோர்ஹே வர்கஸ்.
1942 மே: கேசோன் அமெரிக்கா போய்ச் சேர்கிறார், வாஷிங்டனில் நாடுகடந்த அரசு.
1943 அக்டோபர் 14: ஜப்பானின் ஆதரவில் “குடியரசு”, அதிபர் ஹோசே லௌரெல்.
1944 ஆகஸ்ட் 1: கேசோன் மறைவு; அன்றே துணை அதிபர் செர்ஹியோ ஒஸ்மேன்யா அதிபராகப் பதவியேற்கிறார்.
1944 அக்டோபர் 20: லெய்ட்டே தீவில் அமெரிக்கப் படை இறங்குகிறது. 23-ஆம் தேதி அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் பிரகடனம்.
1945 பிப்ரவரி 27: மணிலாவின் மலகான்யாங் அதிபர் மாளிகையில் காமன்வெல்த் அரசு மீண்டும்.
1945 ஆகஸ்ட் 17: லௌரெல் ஜப்பானில் இருந்தபடி தன் குடியரசைக் கலைக்கிறார்.

1943 நவம்பர் 15-க்குப் பிறகு கேசோன் போட்ட ஆணைகளைச் செல்லாதவை என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அரசியல் சட்டப்படி ஒருவர் தொடர்ந்து எட்டு ஆண்டுகளுக்கு மேல் அதிபராக இருக்க முடியாது, எட்டு ஆண்டு அன்றோடு முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நவம்பர் 12-ஆம் தேதியே அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி அவர் பதவியில் தொடர வழிசெய்துவிட்டது. எனவே 1944 ஆகஸ்ட் 1 வரை காமன்வெல்த் அதிபர் கேசோன்தான்.

படி 2: எண் வரிசையைப் பிரியுங்கள்

உங்கள் முன் ஐந்து வரிசைகள் இருக்கின்றன. கேசோனின் முதல் வரிசை 1935-இல் தொடங்கி, 1942 ஜனவரி 1 தேதியிட்ட எண் 400 வரை வருகிறது. வர்கஸின் நிர்வாகக் குழு வரிசை 1942 ஜனவரி 30-இல் எண் 1-இலிருந்து தொடங்குகிறது. 1943 மே மாதத்தில் 157-ஐத் தொடுகிறது. லௌரெல் தன் குடியரசுக்கு மறுபடி புது வரிசை தொடங்கினார். வாஷிங்டன் ஆணைகளில் எண்ணுக்குப் பின்னால் டபிள்யூ (W) என்ற எழுத்து வரும். நிர்வாகத் துறைகளை ஒன்றிணைத்த எண் 15-டபிள்யூ, ஒஸ்மேன்யா 1944 ஆகஸ்ட் 8-இல் போட்டது. நாடு திரும்பிய பிறகு அவர் போட்டவை, 1944 நவம்பர் 18-இன் எண் 25 போல, எழுத்து இல்லாமல் வெறும் எண்ணாக வரும்.

எழுத்தை விட்டுவிட்டு “எண் 15” என்று தட்டச்சு செய்தால் போருக்கு முந்தைய கேசோன் ஆணைக்கோ வர்கஸின் ஆணைக்கோ போய்விடுவீர்கள். 1946-இல் அதிபரான மனுவேல் ரோஹாஸ் இன்னொரு வரிசை தொடங்கியதையும் நினைவில் வையுங்கள். வாடகை பற்றிய 1947-இன் எண் 62 அவருடையது, ஒஸ்மேன்யாவுடையது அல்ல. இணையத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் போடப்படும் ஆண்டுக் குறிப்பும் முழுதாகக் கைகொடுக்காது. 1942, 1943, 1944 என்ற ஆண்டுகள் இரு தரப்புக்கும் பொது.

படி 3: கையெழுத்தையும் கடைசி வரியையும் பாருங்கள்

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். அடியில் வர்கஸ் பெயரைப் பார்த்ததும் ஜப்பானியர் கால ஆணை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வர்கஸ் போருக்கு முன் கேசோனின் செயலாளர். அந்தக் கால ஆணைகளில் மேலே கேசோன் கையெழுத்து, கீழே “அதிபர் சார்பாக” என்ற வரியோடு வர்கஸ் பெயர். 1942 ஜனவரி முதல் வாரங்களில் அவர் பெருமணிலா நகரின் மேயர். அந்தப் பதவிக்குக் கேசோன் நியமித்து விட்டுச்சென்றவர். ஜனவரி 23-க்குப் பிறகு அதே மனிதர் ஜப்பானியத் தளபதி அமைத்த குழுவின் தலைவர். பெயர் ஒன்று, பதவி மூன்று, அதிகாரத்தின் ஊற்று இரண்டு. எனவே பெயரைப் பார்க்காதீர்கள், பெயருக்குக் கீழே உள்ள பதவியைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை இருக்கிறது. எனக்கு எண்ணைவிட இதில்தான் நம்பிக்கை. காமன்வெல்த் ஆணைகளின் முடிவு வரியில் ஆங்கில ஆண்டோடு காமன்வெல்த்தின் ஆண்டும் எழுதப்படும். கணக்கு எளிது: முதல் ஆண்டு 1935 நவம்பர் 15-இல் தொடங்குகிறது. அப்படியானால் 1941 டிசம்பர் ஏழாம் ஆண்டு, 1944 ஆகஸ்ட் ஒன்பதாம் ஆண்டு, 1944 நவம்பர் 18 பத்தாம் ஆண்டு. நவம்பர் 15-இல் எண் மாறும், ஜனவரியில் அல்ல. தேதியும் இந்த ஆண்டும் பொருந்தாவிட்டால் நகலெடுத்தவர் எங்கோ சறுக்கியிருக்கிறார். மூலப் பக்கத்தைத் தேடுங்கள். காமன்வெல்த்தை ஏற்காத ஆக்கிரமிப்புக் கால ஆணைகளில் இந்த ஆண்டுக் கணக்கை எதிர்பார்க்க வேண்டாம்.

தேதியை ஒப்பிடும்போது கடிகாரத்தையும் கவனியுங்கள். ஆக்கிரமிப்பின் பெரும்பகுதியில் மணிலா டோக்கியோ நேரத்தில் ஓடியது, வாஷிங்டன் போர்க்கால நேரத்தில் ஓடியது. இடைவெளி 13 மணி நேரம். வாஷிங்டனில் மாலை 5 மணிக்குப் போட்ட கையெழுத்து மணிலாவில் மறுநாள் காலை 6 மணி. ஆணை எங்கே கையெழுத்தானதோ அந்த ஊர்த் தேதியையே எழுதுங்கள். மாற்றிக் கணக்கிட்டு எழுதினால் அடுத்தவரால் அந்த ஆணையைத் தேடியெடுக்க முடியாது.

படி 4: எந்த அதிகாரத்தில் போட்டார்கள்?

காமன்வெல்த் ஆணை என்றால் முன்னுரையில் சட்டம் 671 மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அதிபருக்குக் கொடுத்தவற்றில் முக்கியமானவை: அரசின் தலைமையிடத்தை மாற்றுவது, அரசைத் திருத்தியமைப்பது, காலாவதியாகும் சட்டங்களையும் ஒதுக்கீடுகளையும் நீட்டிப்பது, வரி விதிப்பது, பத்திரம் வெளியிட்டு நிதி திரட்டுவது, கடன் வசூலை நிறுத்திவைப்பது. பிலிப்பைன்ஸ் நாடாளுமன்றம் கூட முடியாத நிலையில், அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் இருந்துகொண்டு சட்டத்துக்குச் சமமான ஆணைகளை அதிபர் போட முடிந்ததற்கு அடிப்படை இதுதான்.

இந்த அதிகாரத்துக்கு முடிவுத் தேதியும் உண்டு. 1949 ஆகஸ்ட் 26-இல் அரநேத்தா எதிர் தின்க்லாசன் வழக்கில், 1946 மே 25-இல் நாடாளுமன்றம் வழக்கமான கூட்டத்தொடருக்குக் கூடியதோடு சட்டம் 671 செயலிழந்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலே சொன்ன வாடகை ஆணை எண் 62 உட்பட நான்கு ஆணைகள் இதனால் விழுந்தன. போர்க்கால அதிகாரம் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தேதிக்குப் பிறகு வந்த எந்த ஆணையையும் சந்தேகத்தோடு அணுகுங்கள்.

மணிலா தரப்பில் ஊற்று வேறு. வர்கஸின் எண் 1 (ஜனவரி 30), எண் 4 (பிப்ரவரி 5) இரண்டும் நீதிமன்றங்களை முன்பிருந்த அதிகார வரம்போடு தொடர வைத்தன; ஆனால் அவற்றின் பின்னால் நிற்பது ஜப்பானியத் தளபதியின் உத்தரவு. லௌரெலின் குடியரசுக்குத் தனி அரசியல் சட்டம் இருந்தும், அதன் இறுதி ஊற்றும் ஜப்பானிய ராணுவமே என்று பிற்பாடு உச்ச நீதிமன்றம் கண்டது.

படி 5: போருக்குப் பின் உயிரோடு இருந்ததா?

1944 அக்டோபர் 23-இல் மெக்கார்தர் வெளியிட்ட பிரகடனம், காமன்வெல்த் தவிர வேறெந்த அரசின் சட்டங்களும் விதிகளும் நடவடிக்கைகளும் எதிரியிடமிருந்து விடுபட்ட பகுதிகளில் செல்லாது என்றது. இதைப் படித்தவுடன் “ஜப்பானியர் காலத்தது எல்லாம் செல்லாது” என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதினால் தவறு.

கோ கிம் சாம் வழக்கை (1945 செப்டம்பர் 17) எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்கிரமிப்புக் காலத்தில் மணிலா நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு சிவில் வழக்கைத் தொடர நீதிபதி மறுத்தார். பிரகடனம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது என்பது அவர் வாதம். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. படைபலத்தால் நடைமுறையில் ஆண்ட அரசின் நீதிமன்ற நடவடிக்கைகள், அரசியல் தன்மை இல்லாதவரை, விடுதலைக்குப் பின்னும் செல்லும் என்றது. ஆக்கிரமித்தவர் பொது ஒழுங்கைக் காக்க வேண்டும், இயன்றவரை உள்ளூர்ச் சட்டங்களை மதிக்க வேண்டும் என்ற 1907 ஹேக் விதிகளின் 43-ஆம் பிரிவு இதற்குத் துணை. கடன் தீர்த்தவர், சொத்து வாங்கியவர், வாரிசு உரிமை பெற்றவர் என்று மூன்றாண்டு வாழ்க்கையைப் பின்னோக்கி அழித்தால் தண்டனை அனுபவிப்பது ஜப்பானியர் அல்ல, அங்கே வாழ்ந்த மக்கள். இந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்காமல் இந்தத் தலைப்பில் எழுத உட்காராதீர்கள்.

எதிர்ப்பக்க எடுத்துக்காட்டு பெரால்டா வழக்கு (1945 நவம்பர் 12). மணிலா காவல் படையைச் சேர்ந்த ஒருவர் கொள்ளைக் குற்றத்துக்காக லௌரெல் அரசின் தனி நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை பெற்றார். நீதிமன்றத்தை அமைத்தது அந்த அரசின் அவசரச் சட்டம் எண் 7. சுருக்க விசாரணை முறை வந்தது வர்கஸின் ஆணை எண் 157-இலிருந்து. உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? ஆக்கிரமிப்பு நீடித்தவரை தண்டனை செல்லும். நாடு மீண்டதும் அது தானாக ஒழிந்தது, ஏனெனில் அந்தச் சட்டமும் நீதிமன்றமும் ஆக்கிரமிப்பாளரின் நலனைக் காக்க வந்தவை.

ஆகவே ஒவ்வோர் ஆணையிடமும் கேட்க வேண்டிய கேள்வி: இது மக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கலை நடத்தியதா, ஆக்கிரமித்தவரின் ஆட்சியைக் காத்ததா? முதல் வகையின் விளைவுகள் பெரும்பாலும் நிற்கும். இரண்டாம் வகை விடுதலையோடு போய்விடும்.

சட்டபூர்வமான அரசின் ஆணை என்பதற்காக அது எப்போதும் நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். ஒஸ்மேன்யாவின் எண் 49 (1945 ஜூன் 6) ஆக்கிரமிப்புக் கால வங்கி வைப்புகளைச் சில விதிவிலக்குகளோடு செல்லாதவை ஆக்கியது. 1949-இல் ஹிலாதோ வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்றது. கடன் வசூலை நிறுத்திய எண் 25, அதைத் திருத்திய எண் 32 (1945 மார்ச் 10) கதை வேறு. ரட்டர் வழக்கில் 1941 ஆகஸ்டில் விற்ற நிலத்துக்கு 4,800 பெசோ பாக்கி. தவணைகள் 1942, 1943 ஆகஸ்டில் வர வேண்டியவை. பிறகு வந்த குடியரசுச் சட்டம் 342 இன்னும் எட்டாண்டு அவகாசம் கொடுத்தது. 1953-இல் உச்ச நீதிமன்றம், இனியும் இதை நீட்டிப்பது நியாயமற்றது, செல்லாது என்றது. எனவே உங்கள் குறிப்பில் “செல்லும்/செல்லாது” என்று மட்டும் போடாதீர்கள். எந்தத் தேதிவரை என்பதையும் போடுங்கள்.

எதில் தேடுவது, எப்படிக் குறிப்பெடுப்பது

காமன்வெல்த் ஆணைகளுக்குப் பிலிப்பைன்ஸ் அரசிதழின் இணையதளம், தீர்ப்புகளுக்கு லாஃபில் (LawPhil) என்ற சட்ட இணையதளம் அல்லது உச்ச நீதிமன்ற மின்நூலகம். லாஃபில் வேகமானது, பக்கம் எளிமையானது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை மேற்கோள் வேண்டுமென்றால் ஸ்கேன் செய்த அரசிதழ்ப் பக்கத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். ஆக்கிரமிப்புக் கால அரசிதழ் தொகுதி 1 என்று புதிதாகத் தொடங்கியது. 1945-இல் காமன்வெல்த் அரசிதழ் தொகுதி 41. அடிக்குறிப்பில் தொகுதி எண்ணைப் பார்த்தே எந்த அரசு என்று பாதி தெரிந்துவிடும்.

குறிப்பேட்டைவிட எக்செல் போன்ற விரிதாள்தான் இதற்குச் சரி. கையெழுத்தான தேதி, கையெழுத்தான ஊர், பதவி, வரிசை, எண், அடிப்படை அதிகாரம், திருத்திய ஆணை, தீர்ப்பு என்று எட்டு நிரல்கள். கோப்புப் பெயரைத் தேதியில் தொடங்குங்கள்: “1942-02-05 நிர்வாகக் குழு 4”. எண்ணில் தொடங்கினால் ஐந்து வரிசைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பின்சேர்க்கை 1: பெருமணிலா நகரை எந்தப் பக்கம் போடுவது என்று சிலர் கேட்டிருந்தார்கள். அந்த நகரத்தை உருவாக்கியது கேசோனின் எண் 400, எனவே பிறப்பு காமன்வெல்த். மறுநாளே ஜப்பானியர் நுழைந்து அதே அமைப்பைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1945 ஆகஸ்ட் 1 முதல் ஒஸ்மேன்யா அதைக் கலைத்தார். விரிதாளில் இதை ஒரே வரியில் அடைக்காதீர்கள். அதிகாரம் மாறிய ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வரி.

பின்சேர்க்கை 2: மெக்கார்தரின் பிரகடனம் “விடுபட்ட பகுதிகளில்” என்று சொல்வதால், ஒரே நாளில் ஒரே ஆணை ஓர் ஊரில் செல்லாமலும் இன்னோர் ஊரில் நடைமுறையிலும் இருந்திருக்கும். 1945 ஜனவரியில் லெய்ட்டேயின் தக்லோபான் நகரம் காமன்வெல்த்தின் கையில். லௌரெல் அரசு மணிலாவுக்கு வடக்கே பாகியோ நகரில் இருந்தது. மணிலாவில் சண்டை பிப்ரவரி 3-இல்தான் தொடங்கியது. ஒன்பதாவது நிரலாக “அந்த ஊர் விடுபட்ட நாள்” சேர்த்துக்கொள்ளுங்கள். பானாய் தீவில் தொமாஸ் கொன்ஃபெசோர் நடத்தியது போன்ற கெரில்லாப் பகுதிச் சிவில் அரசுகளின் உத்தரவுகளை இந்த ஐந்து வரிசைகளில் எதிலும் திணிக்காமல் தனித் தாளில் வையுங்கள். அவை ஜப்பானியக் கட்டுப்பாட்டுக்கு வெளியே, கேசோன் அரசின் பெயரால் நடந்தவை.