‘ரெபெக்கா’: நாவலையும் படத்தையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

மழை பிடித்துக்கொண்டால் குன்னூரிலும் கோத்தகிரியிலும் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் நாலைந்து பேர் கூடிப் பேச டாஃப்னி டு மாரியரின் ‘ரெபெக்கா’ (1938) பொருத்தமான நாவல். மாக்ஸிமின் இரண்டாவது மனைவியாக மாண்டர்லி என்ற மாளிகைக்கு வரும் இளம்பெண் சொல்லும் கதை இது; ரெபெக்கா அவனுடைய இறந்துபோன முதல் மனைவி. 1940இல் ஹிட்ச்காக் அதைப் படமாக எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசும்போது திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள் சில உண்டு. மர்மம் முழுக்க இங்கே உடைபடும். இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

முதலில், கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். முழு நாவலில் 27 அத்தியாயங்கள் உண்டு. மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பில் சம்பவங்கள்தான் மிஞ்சும், கதை சொல்பவளின் தயக்கமும் கற்பனையும் போய்விடும். அதை வைத்து ஒப்பிட்டால் படம்தான் ஆழமானது என்று தவறாகத் தோன்றும். படத்திலும் குழப்பம் வரும்: 2020இல் வந்த வண்ணப் படம் வேறு, 1940இன் கறுப்பு வெள்ளைப் படம் வேறு. இந்தக் கதையைத் தழுவி 1964இல் இந்தியில் ‘கோஹ்ரா’ என்றொரு படமும் வந்தது. கூட்டத்தில் ஆளுக்கொரு படத்தை நினைத்துக்கொண்டு பேசினால் பாதி நேரம் அதிலேயே போகும்.

மறுவாசிப்பு என்பதால் முதல் இரண்டு அத்தியாயங்களைத் தாண்டிவிடுகிறவர்கள் அதிகம். அது பெரிய இழப்பு. காலவரிசைப்படி கதையின் கடைசி அங்கேதான் இருக்கிறது: வீடு போயிற்று, கணவனும் மனைவியும் வெளிநாட்டு ஓட்டல் ஒன்றில் ஊர்ச் செய்தி படித்துப் பொழுதைக் கழிக்கிறார்கள். முதல் வாசிப்பில் புரியாமல் கடந்த வரிகள் இப்போது வேறு மாதிரி ஒலிக்கும். 1–6, 7–18, 19–27 என்று மூன்றாகப் பிரித்துப் படித்தால் வசதி. ஏழில் மாண்டர்லி வீட்டுக்கு வருகிறார்கள், பத்தொன்பதில் ரெபெக்காவின் மூழ்கிய படகு அகப்படுகிறது. முழுவதும் முடித்து ஒரு வாரமாவது போன பிறகு படத்தைப் போடுங்கள்.

மலைக்காரர்களுக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. மாண்டர்லியின் பாதை ஓரம் சுவர்போல நிற்கும் ரத்தச் சிவப்பு ரோடோடென்ட்ரானை, அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கம் புல்வெளியில் முறுக்கிக்கொண்டு நிற்கும் நம் காட்டுப்பூவரசாக எண்ணிக்கொள்வோம். இரண்டும் ஒரே பேரினம்தான். ஆனால் நமக்கு அது பழகிய பூ, பார்த்தால் மனம் குளிரும். நாவலில் அது மிரட்டும் பூ. நட்டு வளர்த்த செடி அளவு மீறித் தலைக்கு மேல் எழும்பி நிற்கிறது. ரெபெக்கா காலையில் உட்கார்ந்து கடிதம் எழுதிய அறைக்குள்ளும் அதே சிவப்பு நிறைந்திருக்கிறது. புதிதாக வந்தவளுக்கு அந்த வீட்டில் இடமில்லை என்பதை அந்தப் பூ சொல்லிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் இந்தச் சிவப்புக்கு வழியில்லை. அதனால் படம் வேறு இடத்தில் பிடிக்கிறது: எங்கு திரும்பினாலும் ரெபெக்கா பெயரின் முதலெழுத்தான ஆங்கில ‘ஆர்’ (R) எழுத்துப் பின்னல், நடந்து வருவதே தெரியாமல் பக்கத்தில் வந்து நிற்கும் வீட்டு மேலாளர் டேன்வர்ஸ். ‘பூவைக் காணோம்’ என்று குறைபடுவதை விட, பூ செய்த வேலையை இங்கே எது செய்கிறது என்று கேட்பதில் பலன் உண்டு.

மூடுபனி, பழைய பங்களா என்றதும் பேய்க்காகக் காத்திருப்பதும் நம் சினிமாப் பழக்கம். இதில் பேய் கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ரெபெக்கா இறந்த விதத்தை ‘சின்ன மாற்றம்’ என்று குறித்துவிட்டு நகர்வது. நாவலில் மாக்ஸிம் அவளைத் துப்பாக்கியால் சுடுகிறான். படத்தில் வாக்குவாதத்தின் நடுவே அவள் தடுமாறி விழுந்து, படகுச் சாமான் ஒன்றில் தலை மோதிச் சாகிறாள். இதற்கு ஹிட்ச்காக்கைத் திட்டுவது நியாயமில்லை. நாவலை மாற்றக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் தயாரிப்பாளர் செல்ஸ்னிக். ஆனால் அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி கொலைகாரன் தண்டனையில்லாமல் தப்பக்கூடாது. மாற்றியதன் விளைவைத்தான் பேச வேண்டும். நாவலில் கணவன் கொலைகாரன் என்று தெரிந்ததும் அந்தப் பெண்ணுக்கு வருவது நிம்மதி: இவன் ரெபெக்காவை நேசிக்கவே இல்லை! அந்த நொடியிலிருந்து அவளும் குற்றத்தில் பங்காளி. படத்தில் உடலை மறைத்த பிழை மட்டும்தான் அவனுடையது, அதனால் அவள் வெறும் நல்ல மனைவியாக நின்றுவிடுகிறாள். கடைசி மூன்றில் ஒரு பங்கின் சுவையே இதனால் மாறுகிறது. நம் கணக்கில் நாவலின் கை ஓங்குவது இங்கேதான்.

அதே காட்சியில் படம் ஜெயிக்கும் இடத்தையும் விட்டுவிடக்கூடாது. மாக்ஸிம் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அன்று ரெபெக்கா எழுந்து நகர்ந்த வழியில் கேமரா வெற்றிடத்தைப் பின்தொடர்கிறது. படம் முழுக்க அவள் முகத்தையே காட்டவில்லை. இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். சதுரத்துக்கு நெருக்கமான பழைய சட்டகம், அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் சப்பையாகும். பகலில் புரொஜெக்டரில் போட்டால் இருட்டான காட்சிகள் சாம்பல் பூத்துவிடும்.

முடிவைப் பற்றிய சண்டையை நினைவை நம்பிப் போடாதீர்கள். டேன்வர்ஸ் தீயில் நின்று சாவது படம். நாவலில் அவள் பெட்டி கட்டிக்கொண்டு அன்றே கிளம்பிவிட்டதாகப் போனில் தகவல் வருகிறது. தீ வைத்தது யார் என்று யாரும் பார்க்கவில்லை, பக்கத்தில் நின்று எரிவதையும் நாம் பார்ப்பதில்லை. காரில் வரும்போது அடிவானம் சிவக்கிறது, கடற்காற்றில் சாம்பல் வருகிறது, அவ்வளவுதான்.