போர்க்கொலையைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களைப் பொருள் பிசகாமல் அறிவது எப்படி?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட போர்ச் செய்திகளிலும் வரலாற்று நூல்களிலும் 'கொன்றனர்' என்ற சொல்லே வராமல் ஓர் ஊரே கொல்லப்பட்டிருக்கும். அத்தகைய தொடர் எதிர்ப்பட்டால், கொன்றவர் யார், இறந்தவர் யார், இறந்தவர் அப்போது ஆயுதம் ஏந்தியிருந்தாரா என்ற மூன்றையும் முதலில் சூழலிலிருந்து கண்டுகொள்ளுங்கள். அகராதியைப் புரட்டுவது அதற்குப் பிறகு போதும்.

மிகுந்த கவனம் வேண்டியது 'கிவ் நோ குவார்ட்டர்' என்ற தொடரில்தான். இதில் வரும் 'குவார்ட்டர்' கால் பங்கன்று. தோற்றவனைக் கொல்லாமல் விடும் இரக்கம். ஆகவே, சரணடைந்தவருக்கும் உயிர்ப்பிச்சை கிடையாது என்பதே இதன் பொருள். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையோடு இணைந்த போர் விதிகளில் 23ஆம் விதி, இவ்வாறு அறிவிப்பதையே தடை செய்கிறது. ஒரு தளபதியின் ஆணையில் வரும் இத்தொடரை 'விட்டுக்கொடுக்காமல் போரிடுங்கள்' என்று பெயர்த்தால், சட்டம் விலக்கிய கொலைக் கட்டளை வீர உரையாக மாறிவிடும். 'டேக் நோ பிரிசனர்ஸ்' என்பதும் இதே பொருளில் வருவதுதான். அதைக் 'கைதிகளைப் பிடிக்காதீர்கள்' என்று எழுதினால், போகவிடச் சொன்னதாகவே படிப்பவர் கொள்வார். 'ஒருவரையும் உயிரோடு விடாதீர்கள்' என்பதே சரி. 'புட் டு தி சோர்ட்' என்பதற்கு 'வாளுக்கு இரையாக்கினர்' என்று தமிழிலேயே பொருத்தமான வழக்கு இருக்கிறது. ஆனால், பிடிபட்ட நகரின் குடிமக்களைக் கொன்றதற்கும் இத்தொடர் வருவதால், இறந்தவர் படைவீரர்தாம் என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்து, கொலையை மறைக்கும் தொடர்கள். 'டேக் அவுட்' என்பது ஆளைக் குறித்து வந்தால் கொல்வது. பாலத்தையோ பீரங்கியையோ குறித்து வந்தால் தகர்ப்பது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது உலகெங்கும் பரவலாகக் கேட்ட 'கொலாட்டரல் டேமேஜ்' என்பது, இராணுவ இலக்கைத் தாக்கும்போது பொதுமக்களுக்கு நேரும் உயிரிழப்பையும் உடைமை இழப்பையும் சேர்த்தே குறிக்கும். இதைப் 'பக்கச் சேதம்' என்று மட்டும் எழுதி நகர்வது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி என்பேன். அதிகாரி ஒருவரின் கூற்றாக வந்தால் அவர் சொன்னபடியே தந்துவிட்டு, எத்தனை பொதுமக்கள் இறந்தனர் என்பதை அடுத்த வாக்கியத்தில் வெளிப்படையாக எழுதுங்கள். 'ஃப்ரெண்ட்லி ஃபயர்' என்றால் சொந்தப் படையோ நட்புப் படையோ தவறுதலாகத் தாக்குவது.

எண்ணோடு 'கேஷுவல்ட்டீஸ்' வந்தால் அவசரப்படாதீர்கள். போர்க்கணக்கில் அச்சொல் இறந்தவர், காயமுற்றவர், காணாமற்போனவர், சிறைப்பட்டவர் அனைவரையும் அடக்கும். 1916 ஜூலை 1 அன்று, முதல் உலகப் போரில் பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில், பிரிட்டிஷ் படையின் இழப்பு 57,470 என்பர். அவர்களுள் இறந்தவர் 19,240 பேர். மொத்த எண்ணையும் சாவுக்கணக்காக எழுதினால் அது ஏறத்தாழ மும்மடங்காகிவிடும்.

பேசுபவர் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். தம் வீரர் இறந்தால் 'தி ஃபாலன்' என்பார்கள். களத்தில் வீழ்ந்தோர், வீரமரணம் எய்தியோர் என்று நாமும் சொல்வோம். எதிரி இறந்தாலோ 'வைப்ட் அவுட்', அதாவது பூண்டோடு அழித்தோம் என்று நடை மாறும். இந்த வேறுபாட்டைச் சமன்செய்யாமல் மொழிபெயர்ப்பிலும் காட்ட வேண்டும்.

இவற்றுட் பல இன்று போருக்கு வெளியே உயிர்ச்சேதமின்றியும் வழங்குகின்றன. கிரிக்கெட் வருணனையில் பந்துவீச்சாளர்களை 'புட் டு தி சோர்ட்' செய்தார் என்றால், மட்டையாளர் அவர்களை விளாசித் தள்ளினார் என்பதே பொருள். தேர்தல் செய்தியில் ஒரு கட்சி 'வைப்ட் அவுட்' ஆனது என்றால், அது மண்ணைக் கவ்வியது என்று எழுதலாம்.