நாய்க்கு அறுவை சிகிச்சையா? கவலைக்கு ஒரு வேலை கொடுங்கள்

நாள் குறித்தபின் நாய் நன்றாகத் தூங்கும். நமக்குத்தான் தூக்கம் வராது. நள்ளிரவில் இணையத்தைத் துழாவுவதை நிறுத்திவிட்டு, பயத்தையெல்லாம் கேள்விகளாக ஒரு தாளில் எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை உண்டா, வலிக்கு என்ன தருவார்கள், இரவில் ஏதாவது என்றால் யாரை அழைப்பது? மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கமிருந்து போகிறவர்கள் ஆட்டோவுக்கு முந்தைய நாளே பேசிவையுங்கள். நாய் என்றதும் தலையாட்டி மறுப்பவர்கள் உண்டு.

அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடும் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். எத்தனை மணி நேரம், தண்ணீர் எதுவரை என்பதெல்லாம் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு. வீட்டில் யாராவது “பாவம், வாயில்லா ஜீவன்” என்று டீக்கடைப் பொறை ஒன்றை நீட்டுவார்கள் (என் அனுபவத்தில் பெரும்பாலும் பாட்டிதான்). டப்பாவைப் பரண்மேல் வைத்துவிடுங்கள். மீறித் தின்றுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

வீடு திரும்பியதும் தள்ளாடும், முனகும். மயக்கம் முழுதாகத் தெளியாததால் அப்படித்தான் இருக்கும். வழுக்காத தரையில் பழைய போர்வை போதும். நாம் விழுங்கும் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் எதையும் கொடுக்காதீர்கள், நாய்க்கு நஞ்சாகலாம். காயத்தை நக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பை முன்கூட்டியே வாங்கி, தினமும் சிறிது நேரம் மாட்டிப் பழக்குங்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளும், சிரித்துவிடாதீர்கள், முறைக்கும்.