எத்தியோப்பியாவில் காபிக்குக் கூப்பிட்டால்

"சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் காபி குடிக்க வாங்க" என்று வீட்டுக்கார அக்கா சொன்னதை நம்பி, குளித்துச் சட்டை மாற்றிக் காலை ஒன்பதுக்கே போய் நின்றேன். அவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். பாஹிர் தார் நகரில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து இரண்டாவது வாரம் அது. அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள், நம் பாட்டன்மார் நாழிகை எண்ணிய மாதிரி. நம் காலை ஏழு அவர்களுக்கு ஒன்று. அக்கா சொன்ன ஒன்பது, நம் பிற்பகல் மூன்று. ஆகவே யாராவது கூப்பிட்டால் உள்ளூர் மணியா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வெறுங்கையோடு போக எனக்குக் கூச்சம், அரைக்கிலோ சர்க்கரை வாங்கிப் போவேன். அதைவிட முக்கியம், அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதது.

உள்ளே தரையில் பச்சைப் புல் பரப்பியிருக்கும். சாம்பிராணி புகையும். தட்டில் சோளப்பொரி. அக்கா குட்டை முக்காலியில் உட்கார்ந்து, பச்சைக் காபிக்கொட்டையைக் கழுவி, கரி அடுப்பில் தட்டையான சட்டியை வைத்து வறுக்க ஆரம்பிப்பார். கொட்டை கறுத்து எண்ணெய் மினுங்கும்போது சட்டியோடு எழுந்து ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நிற்பார். இங்கே பலர் விழிப்பார்கள், நானும் விழித்தேன். கொட்டையை எடுத்துத் தின்னக் கூடாது. கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வது போல, அந்தப் புகையைக் கையால் முகத்துப் பக்கம் தள்ளி, மூச்சை நன்றாக இழுங்கள். 'ஆஹா' என்று சொன்னால் போதும், மொழி தேவையில்லை.

பிறகு கொட்டை உரலில் இடிபட்டு, ஜெபெனா என்கிற கறுப்பு மண் கூஜாவில் கொதிக்கும். அடி உருண்டை, கழுத்து நீளம். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களுக்கு 'சினி' என்று பெயர். அவற்றை நெருக்கமாக அடுக்கி, ஓர் அடி உயரத்திலிருந்து ஒரே தாரையாக ஊற்றுவார். பால் கிடையாது. சர்க்கரை உண்டு. சில வீடுகளில் 'தேனா ஆடம்' என்று ஒரு தழைக் கொத்தை மிதக்க விடுவார்கள், நம் அருவதா வகைச் செடிதான்.

முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி எழுந்தேன். அறையே அமைதியாகிவிட்டது. பக்கத்திலிருந்த பெரியவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மூன்று சுற்று உண்டு: அபோல், தோனா, பெரெக்கா. அதே மண்டியில் மறுபடி தண்ணீர் விட்டுக் கொதிக்கவைப்பதால் ஒவ்வொரு சுற்றும் நீர்த்துக்கொண்டே போகும். நம் வீட்டில் விருந்தாளிக்கு இரண்டாம் டிகாக்‌ஷன் கொடுத்தால் மானம் போய்விடும். அங்கே மூன்றாவதில்தான் ஆசீர்வாதம் இருக்கிறது. பெரெக்கா என்பது நம் ஊர் முஸ்லிம்கள் சொல்லும் பரக்கத்தேதான். நீர்த்த காபி வரும்போதுதான் பேச்சு கெட்டியாகும்: வாடகை, மகள் கல்யாணம், பக்கத்து வீட்டுச் சண்டை.

இங்கே வந்தபின் வீட்டிலும் செய்து பார்க்கிறேன். காபித்தூள் அரைக்கும் கடையில் கேட்டால் வறுக்காத கொட்டை கிடைக்கும். ஆறு பேருக்கு இரண்டு கைப்பிடி. கழுவித் துணியில் ஒற்றி, இரும்பு வாணலியில் மிதமான தீயில் கை ஓயாமல் கிளறுங்கள். 'பட் பட்' என்று வெடித்த பிறகு கவனம் வேண்டும், நிமிடத்தில் கரிந்துவிடும். ஆறவிட்டு இடியுங்கள், மிக்ஸி என்றால் விட்டு விட்டு ஓட்டுங்கள். ஜெபெனாவுக்குப் பதில் வாய் குறுகிய செம்பு போதும். பொங்கி வரும்போது இறக்கி, மண்டி அடியில் படியும்வரை மூன்று நான்கு நிமிடம் தொடாதீர்கள். வடிகட்ட வேண்டாம், ஆடாமல் ஊற்றினால் தெளிவாகவே வரும்.

ஜன்னலை மட்டும் திறந்து வையுங்கள். ஒருமுறை மறந்துவிட்டேன். ஏதோ தீய்கிறது என்று கீழ் வீட்டுக்காரர் மாடிக்கு ஓடி வந்தார். உட்கார வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் இல்லையா சார்?" என்றார்.